1920 மேற்கு வர்ஜீனியா சுரங்கக் குடும்பம் பற்றிக் குறுநாவல்: துப்பாக்கிச் சண்டை எழுத வருது, அடுப்படி எழுத வரலை

பாதிக்கதை எழுதியது:

ரெண்டு வருஷமா ஒரு குறுநாவலோட மல்லுக்கட்டிக்கிட்டு இருக்கேன். களம் அப்பலாச்சியன் மலை, மேற்கு வர்ஜீனியாவின் தெற்கு மூலையில் இருக்கிற மிங்கோ கவுண்டி (நம்ம மாவட்டம் மாதிரி). காலம் 1919 முதல் 1921 வரை. ஒரு நிலக்கரித் தொழிலாளி, அவன் மனைவி, பத்து வயசுப் பெண், கைக்குழந்தை.

என்னை உள்ளே இழுத்தது மேட்வான் ஊரில் 1920 மே 19 அன்று நடந்த சண்டை. தொழிற்சங்கத்தில் சேர்ந்த குடும்பங்களின் சாமான்களை வெளியே தூக்கிப் போட, சுரங்கக் கம்பெனி கூலிக்கு அமர்த்திய பால்ட்வின்-ஃபெல்ட்ஸ் என்ற தனியார் துப்பறியும் ஏஜென்சி ஆட்கள் வந்தார்கள். வேலையை முடித்துவிட்டு ரயிலுக்குத் திரும்பியவர்களை ஊர் போலீஸ் தலைவர் சிட் ஹேட்ஃபீல்ட் மறித்தார். கொஞ்ச நேரத்தில் பத்துப் பேர் பிணம். ஏஜென்சி ஆட்கள் ஏழு, தொழிலாளிகள் ரெண்டு, ஊர் மேயர் ஒருவர். அடுத்த வருஷம் ஆகஸ்ட் 1ல் வெல்ச் ஊர் நீதிமன்றப் படிக்கட்டில் வைத்து ஹேட்ஃபீல்டையே ஏஜென்சி ஆட்கள் சுட்டுக் கொன்றார்கள். அந்த மாதக் கடைசியில் கழுத்தில் சிவப்புக் கைக்குட்டை கட்டிக்கொண்டு சுமார் பத்தாயிரம் தொழிலாளிகள் ஆயுதத்தோடு பிளேர் மலைக்குப் போனார்கள், அங்கே சண்டை மூண்டது.

இதெல்லாம் எழுதியாச்சு. நாலாவது அத்தியாயத்தில் வீட்டுக்குள் நுழைந்ததும் பேனா நின்னுடுது. ஒரு துண்டு கீழே:

"சனிக்கிழமை சம்பளம் வந்ததும் அம்மா டாலர் நோட்டுகளை எண்ணி மாவு டப்பாவுக்குள் ஒளித்து வைத்தாள். மறுநாள் பள்ளத்தாக்கில் இறங்கி நடந்து டவுன் சந்தையில் பேரம் பேசி மாவும் பன்றிக்கொழுப்பும் வாங்கி வந்தாள். மாலை வெயில் வாசலில் நீண்டு கிடந்தது."

எங்கேயோ பொய்யா இருக்கு. எங்கேன்னு தெரியலை. இன்னொண்ணு, குடியிருப்புக்கு "லயம்", காவலாளிக்குக் "கங்காணி", மேனேஜருக்குத் "துரை" என்று தேயிலைத் தோட்டத்துச் சொற்களைப் போட்டிருக்கேன். சரிதானா?

வரிக்குதிரை எழுதியது:

நம்ம ஊர்ல கஷ்டத்துக்குப் பஞ்சமா பாஸ்? பார்க்காத மலை, பேசாத பாஷை. போலீஸ் தலைவர் செத்ததோட கதையை முடிங்க, படிக்கிறவன் பிழைப்பான்.

கரிசக்காட்டுக்காரி எழுதியது:

தம்பி, நான் இங்க படிக்கிறதோட சரி, எழுதுறதில்லை. இதுக்கு எழுதாம இருக்க முடியலை.

எங்க வீட்டுக்காரர் டாக்டர். 1984ல மிங்கோவுக்கு அடுத்த மெக்டவல் கவுண்டிக்கு வந்து பத்தொன்பது வருஷம் இருந்தோம். அந்த மலைக்குள்ள வந்து வேலை பார்க்க அமெரிக்க டாக்டருங்க தயங்குவாங்க. அதனால இந்தியா, பிலிப்பைன்ஸ்னு எங்கள மாதிரி ஆளுங்க. 1950ல அந்தக் கவுண்டியில கிட்டத்தட்ட 99,000 பேர். 2020 கணக்கெடுப்புல 19,000 சொச்சம். நாங்க போனப்பவே பாதித் தெரு பூட்டிக் கிடந்துச்சு.

பக்கத்து வீட்டுல ஒரு பாட்டி. சுரங்கக் குடியிருப்புல பிறந்து வளர்ந்தவங்க, உங்க கதையில வர்ற பொண்ணு வயசுதான் அப்போ அவங்களுக்கும். கொத்தவரங்கா கிடைக்காத ஊர்ல நான் பீன்ஸை மோர்ல ஊறப்போட்டு வாசல்ல வத்தல் காயவெச்சிருந்தேன். எட்டிப் பார்த்துட்டு உள்ள போய் ஒரு சரத்தைத் தூக்கிட்டு வந்தாங்க. முழு பீன்ஸை ஊசி நூல்ல மாலை மாதிரி கோத்து, அடுப்புக்குப் பின்னால தொங்கவிட்டுச் சுருங்கக் காயவெச்சது. அதுக்கு அவங்க பேரு "லெதர் பிரிட்சஸ்", தோல் கால்சட்டை! குளிர்காலத்துல ராத்திரி ஊறவெச்சு, உப்புப் போட்ட பன்றித் துண்டோட மணிக்கணக்கா வேகவெப்பாங்க. நாங்க சைவம், அதனால எனக்குன்னு தனியா வெங்காயம் போட்டு ஒரு சட்டி வெச்சாங்க. பேச்சு அங்கதான் ஆரம்பிச்சது.

இப்ப உங்க துண்டுக்கு வர்றேன். மூணு வாக்கியம், ஒவ்வொண்ணுலயும் தப்பு.

முதல்ல வெயில். அது பள்ளத்தாக்கு இல்ல, "ஹாலோ". அவங்க வாயில "ஹாலர்". ரெண்டு மலைக்கு நடுவுல ஒரு ஓடை, ஒரு தண்டவாளம், ஒரு வரிசை வீடு, அவ்வளவுதான் இடம். குளிர்காலத்துல காலையில பத்து மணிக்கு மேலதான் வெயில் எட்டிப் பார்க்கும், மூணு மணிக்கு மலைக்குப் பின்னால போயிடும். மாலை வெயில் வாசல்ல நீளாது தம்பி.

அடுத்து டாலர் நோட்டு. அந்த அம்மா கையில நோட்டைப் பார்த்திருந்தா அதிசயம். கம்பெனியே அடிச்ச வில்லைதான் பணம், "ஸ்கிரிப்"னு பேரு. பாட்டி எனக்கு ஒண்ணு கொடுத்தாங்க, இப்பவும் டிராயர்ல இருக்கு. பித்தளை, நடுவுல வெட்டின துளை, நம்ம ஓட்டைக் காலணா கணக்கா. ஒரு பக்கம் கம்பெனி பேரும் 5ங்கிற எண்ணும், இன்னொரு பக்கம் "பிறருக்கு மாற்றத்தக்கதல்ல"ங்கிற அர்த்தத்துல ஒரு வரி. கம்பெனிக் கடையிலதான் அது செல்லும். வெளியில காசா மாத்தினா முழு மதிப்பு தரமாட்டான். அதனால டவுன் சந்தை, பேரம், அதெல்லாம் வேற ஊர்க் கதை. அதுவும் ஞாயித்துக்கிழமை! அன்னிக்குக் கடையே கிடையாது, சர்ச்சுதான்.

சம்பளம் "வந்ததும்"னு எழுதியிருக்கீங்க. வரவே வராது. புருஷன் எத்தனை வண்டி கரி நிரப்பினான்னு ஆபீஸ்ல கணக்கு இருக்கும். சம்பள நாளுக்கு முன்னாடியே பொண்டாட்டியோ பிள்ளையோ அந்த ஜன்னலுக்குப் போய், அந்தக் கணக்குல இருந்து வில்லையா வாங்கிக்குவாங்க. வீட்டு வாடகை, டாக்டர் பணம், விளக்குக்குக் கார்பைடு, வெடிமருந்து, உளி தீட்டின கூலி எல்லாம் அதுலயே பிடிப்பு. சம்பள நாளன்னிக்கு ஒரு சீட்டு வரும், கடைசி வரியில சைபர்.

பாட்டிக்கு எட்டு ஒன்பது வயசுல அவங்க அம்மா அந்த ஜன்னலுக்கு அனுப்பியிருக்காங்க. ஒரு டாலர் வில்லை கேட்டுட்டு வான்னு. குமாஸ்தா நோட்டைப் புரட்டி, "உங்கப்பா இன்னும் அவ்வளவு நிரப்பலையே"ன்னு எல்லார் முன்னாடியும் சத்தமாச் சொல்லியிருக்கான். வரிசையில பின்னால நின்னது கூடப் படிக்கிற பொண்ணு. எழுபது வருஷம் கழிச்சு என்கிட்ட அதைச் சொல்றப்பவும் அவங்க முகம் சிவந்துபோச்சு. உங்க நாலாவது அத்தியாயம் அந்த ஜன்னல்ல ஆரம்பிக்கலாம்.

வீடு லயம் இல்ல. லயம்னா சுவர் ஒட்டின அறைகள். இங்க தனித்தனி வீடு, எல்லாம் ஒரே அச்சு. பலகையை நெட்டுக்குத்தா நிறுத்தி, இடைவெளிக்கு மேல சன்னப் பட்டை அடிச்சிருப்பான். காத்து புகுந்து புறப்படும். அதனால மைதாப் பசை காய்ச்சி உள்சுவர் முழுக்கச் செய்தித்தாள் ஒட்டுவாங்க. பாட்டி எழுத்துக் கூட்டினது அந்தச் சுவர்லதான். கட்டில் பக்கத்துத் தாளை அவங்க அப்பா தலைகீழா ஒட்டிட்டாராம், அதனால தலைகீழாவும் வேகமாப் படிப்பேன்னு பெருமை வேற.

கங்காணியும் வேண்டாம், துரையும் வேண்டாம். கங்காணி தன் ஊர் ஆளுங்களத் திரட்டிக் கூட்டிட்டுப் போனவன், உறவும் கடனும் கலந்த ஆளு. மைன் கார்டு இடுப்புல துப்பாக்கி வெச்ச கூலிக் காவல்காரன், யாருக்கும் மாமன் மச்சான் இல்ல. துரைன்னு எழுதின உடனே தமிழ் வாசகன் மனசுல வெள்ளைக்காரனும் கறுப்புத் தொழிலாளியும் வந்துடுவாங்க. இங்க தொழிலாளியில மலைக்கார வெள்ளைக்காரன், தெக்கே இருந்து வந்த கறுப்பினத்தார், இத்தாலிக்காரன், ஹங்கேரிக்காரன் எல்லாரும் உண்டு. சூப்ரண்டுன்னு போடுங்க, போதும்.

வரிக்குதிரைத் தம்பி, பார்க்காத மலைதான். ஆனா அந்த ஜன்னல்ல பாட்டி காதுல விழுந்தது ரேஷன் வரிசையில நின்ன எந்தப் பிள்ளைக்கும் புரியும்.

இரண்டாம்_ஷிப்ட் எழுதியது:

தெலங்கானாவில் நிலத்தடி நிலக்கரிச் சுரங்கத்தில் 26 வருஷம் வேலை பார்த்தவன். கரிசக்காட்டு அம்மா சொன்ன கணக்கில் ஒன்று சேர்க்கிறேன். அந்தக் காலத்தில் கூலி, வெட்டி நிரப்பிய கரிக்கு மட்டும். கூரைக்கு முட்டு கொடுப்பது, விழுந்த பாறையை அள்ளுவது, தண்ணீர் இறைப்பது எல்லாம் கூலி இல்லாத வேலை. அப்பா பாத்திரம் ஒருநாள் முழுக்கப் பாடுபட்டும் ஒரு வண்டிகூட நிரப்பாமல் திரும்பலாம். வண்டியில் கல் கலந்திருந்தால் அதற்கும் வெட்டு. ஒவ்வொரு வண்டியிலும் தன் எண் பொறித்த பித்தளைத் தகட்டை மாட்டி அனுப்புவான். அதை வைத்துத்தான் மேலே எடைக்கணக்கு.

முட்டு மரம் பற்றி எழுதினால், அது பேசும் என்று எழுதுங்கள். கூரை இறங்கும்போது மரம் முதலில் முனகும், பிறகு நார் நாராகக் கிழியும். ஓட நேரம் தரும். கூரையைக் கம்பியால் தட்டிப் பார்ப்போம். கணீரென்றால் சரி, மொத்தென்று கேட்டால் நகர்ந்துவிட வேண்டும். எலி ஓடினால் கேள்வி கேட்காமல் பின்னாலேயே ஓடுவோம்.

1920ல் தொப்பியில் கார்பைடு விளக்கு. தண்ணீர் சொட்டச் சொட்ட வாயு வந்து எரியும். பூண்டு அழுகின மாதிரி ஒரு வாடை. ஆள் வீட்டுக்குள் நுழையும் முன் அந்த வாடை நுழைந்துவிடும்.

பாதிக்கதை எழுதியது:

அக்கா, அண்ணே, ரெண்டு பேருக்கும் நன்றி. அந்தத் துண்டைக் கிழிச்சாச்சு. லயமும் போச்சு.

இன்னும் ரெண்டு சந்தேகம். வீட்டைவிட்டு வெளியேத்த கோர்ட் உத்தரவு, நோட்டீஸ் எதுவும் வேண்டாமா? அப்புறம், பிளேர் மலையை உச்சமா வெச்சிருக்கேன். விமானத்துல இருந்து குண்டு போட்டதெல்லாம் இருக்கு. குடும்பம் அப்போ எங்க இருக்கும்?

கரிசக்காட்டுக்காரி எழுதியது:

நோட்டீஸ் விஷயம் எங்க வீட்டுக்காரர் படிச்சுச் சொன்னது. கம்பெனி வக்கீலுங்க வாதம், இது வாடகை வீடு இல்ல, எஜமான் வேலைக்காரனுக்குக் கொடுத்த இருப்பிடம்ங்கிறது. கோர்ட்டும் அதை ஏத்துக்கிச்சு. வேலை போன நிமிஷமே வீடும் போச்சு. சங்கத்துல சேரமாட்டேன்னு கையெழுத்து வாங்கிட்டுத்தான் வேலையே கொடுப்பான், அதனால சேர்ந்தா வேலை போயிடும். புருஷன் பாறை விழுந்து செத்தாலும் இதே கதைதான். அதனாலதான் விதவைங்க சீக்கிரமே மறுகல்யாணம் பண்ணினாங்க, இல்ல மூத்த பையனை வயசைக் கூட்டிச் சொல்லி உள்ள அனுப்பினாங்க. பாட்டியோட சித்தி ஏழு மாசத்துல கட்டிக்கிட்டாங்களாம். ஊர்ல யாரும் ஒரு வார்த்தை பேசலை.

குண்டு போட்டதை நீங்க எழுதாட்டியும் பத்துப் பேர் எழுதுவாங்க. 1920 ஜூலை 1ல வேலைநிறுத்தம் ஆரம்பிச்சது. வெளிய தள்ளப்பட்ட குடும்பங்க டக் ஃபோர்க் ஆத்தோரம் சங்கம் கொடுத்த கூடாரத்துல அந்தக் குளிர்காலம் முழுக்கக் கிடந்தாங்க. அடுத்த வருஷம் ஜூன்ல லிக் கிரீக் கூடாரங்களப் போலீஸும் கம்பெனி பக்கத்து ஆளுங்களும் புகுந்து கிழிச்சாங்க. உங்க குடும்பம் அங்கதான் இருக்கும். பிளேர் மலையில சண்டை நடந்த அந்த வாரம் கூடாரத்துல பொம்பளைங்க என்ன பேசியிருப்பாங்கன்னு நீங்கதான் யோசிக்கணும். பாட்டி குடும்பம் கூடாரத்துக்குப் போகலை, அதனால எனக்கு அது தெரியாது.

ஒரே ஒரு விஷயம் மட்டும் சொல்லிடறேன். சாயங்காலம் அப்பா வர்ற நேரத்துக்குப் பிள்ளைங்க தண்டவாளத்துக்கே ஓடிப்போய் நிப்பாங்க, அப்பாவுக்காக இல்ல, சாப்பாட்டு வாளிக்காக. எவ்வளவு பசியா இருந்தாலும் அவர் ஒரு வாய் மிச்சம் வெச்சிருப்பார். பாதி பிஸ்கட் (நம்ம பிஸ்கட் இல்ல, மெத்துன்னு இருக்கிற ரொட்டி), ஒரு துண்டு ஆப்பிள் பை, அதாவது மாவுக்குள்ள ஆப்பிள் வெச்சுச் சுட்ட பலகாரம். கரி வாடையும் அந்த விளக்கு வாடையும் ஏறி ஊறிப்போய் இருக்கும். உலகத்துலயே அதுக்கு ஈடான ருசி இல்லேம்பாங்க பாட்டி. வீட்டுல அதே ஆப்பிள் பையை அம்மா சுடச்சுடக் கொடுத்தா வேண்டாம்னுடுவாங்களாம்.

இதை எடுத்துக்கறதா இருந்தா வாளியைச் சரியா எழுதுங்க. நம்ம டிபன் கேரியர் மாதிரி கொக்கி போட்ட அடுக்கு இல்ல. ஒரே உருண்டை வாளி. அடியில தண்ணி, அதுமேல உட்கார்ற தட்டுல சாப்பாடு, உச்சித் தட்டுல ஆப்பிள் பை. மாட்டிக்கிட்டா தண்ணிதான் உயிர், அதனால அடிப்பாகம்தான் பெரிசு. குழந்தை முதல்ல திறக்கிறது மேல் தட்டு.