ஷாம்பெயின் இல்லத்தின் பெயரில் உள்ள குடும்பம் இன்றும் அதன் உரிமையாளரா?

கேள்வி

வணக்கம். பிரான்சின் ஷாம்பெயின் பகுதியிலுள்ள, ஒயின் தயாரிக்கும் இல்லங்கள் பலவும் நிறுவனரின் குடும்பப் பெயரையே இன்றும் தாங்கியுள்ளன. அவற்றில் எவை உண்மையிலேயே அந்தக் குடும்பத்தாரிடம் உள்ளன? அதனால் ஒயினில் வேறுபாடு விளைகிறதா, அல்லது அது வெறும் விளம்பரச் செய்தியா? அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாவேன்.

மறுமொழி 1

பெயரை மட்டும் வைத்து முடிவு செய்ய இயலாது. 1843இல் தொடங்கப்பட்ட குருக் இல்லம் 1999இல் எல்விஎம்எச் என்ற ஆடம்பரப் பொருள் குழுமத்தின் கைக்குச் சென்றது. ஆயினும் அக்குடும்பத்தைச் சேர்ந்தவர் அதற்குப் பின்னும் பொறுப்பில் நீடித்தார். தைத்தாஞ்சே இல்லத்தின் கதை இதற்கு நேர்மாறானது. 2005இல் ஓர் அமெரிக்க முதலீட்டு நிறுவனத்துக்கு விற்கப்பட்ட அந்த இல்லத்தை, பியேர் எம்மானுவேல் தைத்தாஞ்சே மறு ஆண்டே ஒரு வங்கியின் துணையுடன் மீட்டெடுத்தார். 2020 முதல் அவருடைய மகள் வித்தாலி அதன் தலைவராக இருக்கிறார். போல் ரோஜே, பொலாஞ்சே ஆகியவை இன்றும் குடும்ப உரிமையில் உள்ளன.

மறுமொழி 2

வேறுபாடு உண்டு என்பதே என் கருத்து. அது காத்திருப்பதில் இருக்கிறது. ஆண்டு குறிக்கப்படாத ஷாம்பெயினைக் குறைந்தது 15 மாதங்களும், ஒரே ஆண்டின் அறுவடையிலிருந்து செய்யப்பட்டதை 3 ஆண்டுகளும் நிலவறையில் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. நல்ல இல்லங்கள் அதற்கும் மேலாகவே காத்திருக்கின்றன. அந்தக் காலம் முழுவதும் போட்ட முதலீடு முடங்கிக் கிடக்கிறது. பொலாஞ்சே தன் கையிருப்பு ஒயின்களில் (புதிய ஒயினுடன் கலக்கச் சேமித்துவைக்கும் முந்தைய ஆண்டுகளின் ஒயின்களில்) ஒரு பகுதியைத் தொட்டிகளில் அல்லாமல், தக்கையிட்ட பெரிய பாட்டில்களில் பல ஆண்டுகள் வைத்துப் பிறகே கலவையில் சேர்க்கிறது. ஓக் பீப்பாய்களைப் பழுதுபார்க்கத் தனக்கெனப் பீப்பாய்த் தச்சரையும் வைத்திருக்கிறது. உடனடி லாபத்தை மட்டும் எதிர்பார்க்கும் உரிமையாளர் இவற்றையெல்லாம் வீண்செலவென்றே எண்ணுவார்.

மறுமொழி 3

மேலே சொன்னதில் ஒன்றை மட்டும் மறுக்கிறேன். பொறுமை குடும்பங்களுக்கு மட்டுமே உரியதன்று. குழுமத்துக்குள் சென்ற பிறகும் குருக் தன் ஒயின்களை நெடுங்காலம் முதிரவைத்தே வெளியிடுகிறது. குடும்ப இல்லங்களின் தனித்தன்மை, வீழ்ந்த பின்னும் விட்டுவிடாமல் தொடர்வதில்தான் இருக்கிறது என்பேன். 1899இல் போல் ரோஜே இல்லத்தின் நிறுவனரான போல் ரோஜே மறைந்தார். அடுத்த ஆண்டு பிப்ரவரியில், ஷாம்பெயின் பகுதியின் எப்பர்னே நகரில் அவருடைய நிலவறைகள் இடிந்து விழுந்து, ஏறத்தாழ 15 லட்சம் பாட்டில்கள் புதையுண்டன. அவருடைய மகன்களோ இல்லத்தை விற்காமல் மீண்டும் கட்டியெழுப்பினர்.

இருப்பினும் இத்தொடர்ச்சி எளிதில் கைகூடுவதில்லை. பெற்றோர் சொத்தில் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் பங்கு உண்டென்று பிரெஞ்சுச் சட்டம் வரையறுத்திருப்பதால், தலைமுறை தோறும் பங்குகள் சிதறுகின்றன. வணிகத்தில் நாட்டமில்லாத உறவினர் தம் பங்கைப் பணமாக்க விரும்பினால், மற்றவர்கள் கடன்பட்டாவது அதை வாங்க வேண்டும், அல்லது இல்லத்தையே விற்க வேண்டும்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. பாட்டிலின் லேபிளைப் பார்த்தே உரிமையை அறிய வழியுண்டா?

மறுமொழி 1

லேபிளில் சிறிய எழுத்துகளில் ஒரு குறியீடு இருக்கும். ‘என்எம்’ என்றால் திராட்சையை வெளியிலிருந்தும் வாங்கக்கூடிய இல்லம். ‘ஆர்எம்’ என்றால் தன் தோட்டத்துத் திராட்சையிலிருந்து தானே ஒயின் செய்யும் விவசாயி. பொலாஞ்சேக்கும் குருக்குக்கும் ஒரே ‘என்எம்’தான் என்பதால், உரிமையாளர் யார் என்பதை இக்குறியீடு சொல்லாது, அதை அந்தந்த இல்லத்தின் வரலாற்றில்தான் தேட வேண்டும்.