மின்னஞ்சல் அனுப்பத் தனி ஐபியா (எங்களுக்கு மட்டுமான சேவர் முகவரி), பகிர்ந்த ஐபியா (பலர் சேர்ந்து பாவிப்பது)? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். வெள்ளவத்தையில் ஒரு சேலைக் கடையின் இணைய விற்பனையைப் பார்க்கிறேன். மின்னஞ்சல் பட்டியலில் ஏறத்தாழ 9,000 பேர், பாதிக்கு மேல் கனடாவிலும் லண்டனிலும். மாதம் இரண்டு தரம் புது வரவு மடல், அதைவிட தினமும் முப்பது நாற்பது ஓடர் உறுதி மின்னஞ்சல்.

போன கிழமை டொரொண்டோவிலிருந்து ஒரு அக்கா கோல் எடுத்து, "தம்பி, காசு கட்டி நாலு நாளாச்சு, ஒரு பதிலும் இல்லையே" என்றார். ஸ்பாமைப் பார்க்கச் சொன்னேன், அங்கேதான் கிடந்தது. மகளின் சாமத்திய வீட்டுக்கு எடுத்த சேலை, பாவம், நன்றாகப் பயந்துவிட்டார். எனக்கு அன்றிரவு நித்திரையே இல்லை.

மடல் உண்மையில் எங்களிடமிருந்துதான் வருகிறது என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் அமைப்புகள் மூன்றும் சரி. ஜிமெயில் 2024 பெப்ரவரியில் கொண்டுவந்த விதிப்படி ஒரே கிளிக்கில் விலகும் வசதியும் உண்டு, ஸ்பாம் புகாரும் 0.3 சதவீதத்துக்குக் கீழேதான். அப்படியென்றால் இப்போது நாங்கள் இருக்கும் பகிர்ந்த ஐபியில் அனுப்பும் வேறு யாரோ செய்யும் வேலைக்கு நாங்கள் மாட்டிக்கொள்கிறோம் என்றுதான் நினைக்கிறேன்.

எங்கள் மடல்களை அனுப்பித் தரும் நிறுவனம் தனி ஐபி வாங்கச் சொல்கிறது. ஆனால் புது ஐபிக்கு ஜிமெயில் போன்றவற்றிடம் நற்பெயர் எதுவும் இருக்காது, கொஞ்சம் கொஞ்சமாக அளவைக் கூட்டிப் பல கிழமை பழக்க வேண்டும், எங்களைப் போல மாதம் இரண்டு தரம் மட்டும் மொத்தமாக அனுப்பினால் இடையில் அந்த நற்பெயர் ஆறிப்போய்விடும் என்பதுதான் என் பயம்.

ஓடர் மின்னஞ்சலை மட்டும் தனித் துணை டொமைனுக்கு (எங்கள் இணைய முகவரியின் ஒரு கிளை) மாற்றி, வேறொரு நல்ல பகிர்ந்த ஐபியில் விட்டால் போதுமா? இந்த அளவில் தனி ஐபி எடுத்தவர்கள் முதல் நாள் எத்தனை மடலில் தொடங்கினீர்கள்? தீபாவளி விற்பனைக்கு முன் முடிவெடுக்க வேண்டும், தயவுசெய்து சொல்லுங்கள்.