காரண வளையமா, காரணச் சுற்றா?

வணக்கம்.

எது எதற்குக் காரணம், அந்த விளைவு திரும்பி வந்து முதல் காரணத்தையே எப்படி மாற்றுகிறது என்று அம்புக்குறிகளால் காட்டும் படத்துக்கு (causal loop diagram) ஐயா 'காரண வளையப் படம்' என்று சொல்லியிருந்தார். நானும் இத்தனை நாள் அப்படித்தான் எழுதிவந்தேன். போன மாதம் கடலூர்ப் பக்கம் ஒரு கடலோர ஊரில் விவசாயிகளோடு உட்கார்ந்து, நிலத்தடி நீர் ஏன் இப்படி இறங்குகிறது என்று சார்ட் தாளில் அம்புக்குறி போட்டு வரைந்தபோதுதான் அந்தச் சொல் கைகொடுக்கவில்லை என்று தெரிந்தது. "வளையம்னா வளையல் மாதிரி சும்மா வட்டமா?" என்று ஒரு அக்கா கேட்டார். நியாயமான கேள்வி, வளையத்தில் எதுவும் ஓடுவதில்லை. சுழல் என்று மாற்றினேன். கடலுக்குப் போகிறவர்களும் அங்கே இருந்தார்கள், அவர்களுக்குச் சுழல் என்றால் ஆளை உள்ளே இழுப்பது.

என் பரிந்துரை 'காரணச் சுற்று', படத்துக்குக் 'காரணச் சுற்றுப்படம்'. மின்சுற்று எல்லோரும் பள்ளியில் படித்த சொல்: கிளம்பிய இடத்துக்கே திரும்பி வர வேண்டும், நடுவில் கம்பி அறுந்தால் ஓட்டம் நின்றுவிடும். இப்படிப் படங்களைப் பயன்படுத்தும் அமைப்பு இயக்கவியல் (system dynamics) துறையை 1950களில் தொடங்கிய ஜே ஃபாரஸ்டரும் மின்பொறியாளர்தான், பின்னூட்டக் (feedback) கட்டுப்பாட்டுக் கருவிகளில் வேலை செய்துவிட்டு வந்தவர். அதனால் சொல் இரவல் மாதிரித் தோன்றாது.

அடுத்தது, 'நேர்மறை வளையம், எதிர்மறை வளையம்' இரண்டையும் தயவுசெய்து விட்டுவிடுவோம். நேர்மறை என்றதும் நல்லது என்றே எடுத்துக்கொள்கிறார்கள். நாங்கள் வரைந்த முதல் சுற்று இது: நீர்மட்டம் இறங்க போர்வெல்லை இன்னும் ஆழமாகப் போடுகிறார்கள், ஆழம் கூடக் கூட இறைப்பதும் கூடுகிறது, மட்டம் மேலும் இறங்குகிறது. ஒன்று இறங்கினால் மற்றது ஏறும், ஒன்று ஏறினால் மற்றது இறங்கும் என்று காட்டுவது எதிர்த் திசை அம்பு. இதில் அவை இரண்டு (மட்டத்திலிருந்து ஆழத்துக்கு, இறைப்பதிலிருந்து மட்டத்துக்கு), இரட்டைப்படை, அதனால் கணக்குப்படி இது 'நேர்மறை'. அந்த ஊர்க்காரரிடம் போய் இதை நேர்மறை என்று எப்படிச் சொல்வது? 'வளர்ச்சுற்று' என்றாலும் பொருந்தாது, இங்கே எதுவும் வளரவில்லை. 'முடுக்குச் சுற்று' என்கிறேன். ஏறினாலும் இறங்கினாலும் போகிற திசையிலேயே முடுக்கிவிடுவது.

எதிர் அம்புகள் ஒற்றைப்படையாக வந்தால் 'மட்டுச் சுற்று', மாற்றத்தை மட்டுப்படுத்துவதால். மட்டம் இறங்கினால் மோட்டார் அதிக நேரம் ஓடும், மின்கட்டணம் ஏறும், கட்டணம் ஏறினால் இறைப்பது குறையும், மட்டம் கொஞ்சம் தாங்கும். மூன்று எதிர் அம்பு: மட்டத்திலிருந்து மோட்டாருக்கு, கட்டணத்திலிருந்து இறைப்பதற்கு, இறைப்பதிலிருந்து மட்டத்துக்கு. ஆனால் தமிழ்நாட்டில் விவசாய மின்சாரம் இலவசம், ஆகவே மோட்டாரிலிருந்து கட்டணத்துக்குப் போகும் அம்பு அங்கே இல்லை. ஒரு பெரியவர் பேனாவை வாங்கி அந்த அம்பைத் தானே அடித்துவிட்டு, "இங்கதான் கம்பி அறுந்திருக்கு" என்றார். இலவச மின்சாரம் வேண்டாம் என்று அங்கே யாரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. அறுந்த இடத்தில் வேறு எந்தக் கம்பியைக் கட்டுவது என்றுதான் அப்புறம் ஒரு மணி நேரம் பேசினார்கள். வளையம் என்று சொல்லியிருந்தால் அந்த வாக்கியம் வந்திருக்காது என்றே நம்புகிறேன்.

அம்பின் மேல் போடும் இரட்டைக் கோட்டுக்கு, அதாவது காரணம் இன்று, விளைவு பல வருடம் கழித்து என்பதற்கு, 'சுணக்கம்' சரிவருமா? அதிகமாக இறைத்துப் பல காலம் கழித்துத்தான் கிணற்றில் உப்பு ஏறுகிறது, அந்த அம்புக்கு ஒரு நல்ல சொல் வேண்டும். வேறு யோசனை இருந்தால் சொல்லுங்கள், அடுத்த வாரம் அதே ஊரில் படத்தை மறுபடி வரையப் போகிறோம்.