கத்தரிக்காய் நிறையக் காய்க்கிறது: எண்ணெய் குறைத்துச் சமைக்க வழி சொல்லுங்கள்

காவிரிக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டு மொட்டைமாடித் தொட்டிகளில் இந்தப் பருவத்தில் கத்தரிக்காய் அளவுக்கு மீறிக் காய்த்துக்கொண்டிருக்கிறது. வரி போட்ட சிறிய உருண்டைக் காய், நீளமான பச்சைக் காய், உள்ளங்கையை நிறைக்கும் கருநீலப் பெருங்காய் என மூன்று வகைச் செடிகள் வைத்திருக்கிறோம். சாம்பாரிலும் புளிக்குழம்பிலும் போட்டது போக மிச்சத்தைப் பொரியல் செய்தால், வழவழவென்று இருப்பதாகச் சொல்லிப் பிள்ளைகள் தட்டின் ஓரத்தில் ஒதுக்கிவிடுகிறார்கள். மாமனாருக்கு இதயச் சிகிச்சை நடந்திருப்பதால் எண்ணெயை அளந்துதான் ஊற்ற வேண்டியிருக்கிறது. கத்தரிக்காயோ ஊற்றியதையெல்லாம் குடித்துவிட்டு வாணலியில் ஒட்டிக்கொள்கிறது. எந்தக் காயை எதற்குப் பயன்படுத்துவது, காறலும் கறுப்பும் இல்லாமல் எப்படிச் சமைப்பது என்று அனுபவமுள்ளவர்கள் கூறினால் உதவியாக இருக்கும். நாங்கள் அசைவமும் சாப்பிடுவோம்.

பாலாற்றங்கரை எழுதியது:

வணக்கம் சகோதரி. உங்கள் கேள்விக்கான பதிலில் பாதி, காய்களை வகை பிரித்ததிலேயே இருக்கிறது. உருண்டையான சிறு காயை முழுதாகவும், நீளக் காயைக் குழம்பிலும், பெருங்காயைச் சுட்டும் சமைத்தால் ஒவ்வொன்றும் அதனதன் சுவையோடு வரும். மூன்றையும் ஒரே மாதிரி நறுக்கி வதக்கும்போதுதான் ஒன்று குழைந்தும் மற்றொன்று வேகாமலும் போய், பிள்ளைகளுக்குப் பிடிக்காத அந்த வழவழப்பு வருகிறது.

எண்ணெய் குடிப்பதற்குக் காரணம், கத்தரிக்காயின் சதை பஞ்சைப் போலக் காற்றறைகளால் ஆனது என்பதுதான். அந்த அறைகள் எண்ணெயில் விழுவதற்கு முன்பே ஆவியில் வெந்து அமுங்கிவிட்டால், உறிஞ்சுவதற்கு இடம் இருக்காது. ஆகையால் எங்கள் வீட்டில் எண்ணெய்க் கத்தரிக்காயைக்கூட முதலில் இட்லிப் பானையில் வேகவைத்த பிறகே வாணலியில் இடுகிறோம். காம்பை விட்டுவிடாமல் காயை நான்காகக் கீறி, உப்புப் போட்ட தண்ணீரிலோ அரிசி கழுவிய தண்ணீரிலோ மூழ்கும்படி போட்டு வையுங்கள். நறுக்கிய காயிலுள்ள பாலிஃபீனால்கள் காற்றுப் பட்டுக் கறுக்காமல் இருப்பதற்கும், காறல் ஓரளவு இறங்குவதற்கும் இதுவே போதும். கொத்தமல்லி விதை, கடலைப் பருப்பு, மிளகாய் வற்றல், எள், ஒரு கைப்பிடி நிலக்கடலை ஆகியவற்றை எண்ணெய் விடாமல் வறுத்து, சிறிது தேங்காய்த் துருவலும் உப்பும் கொட்டைப்பாக்களவு புளியும் சேர்த்துக் கொரகொரப்பாக அரைத்துக் கீறலுக்குள் அடைக்க வேண்டும். காயின் பருமனைப் பொறுத்து எட்டு முதல் பத்து நிமிடம் ஆவியில் வைத்து, காம்பின் அடியில் கத்தி எளிதாக இறங்கும் பதத்தில் எடுத்துவிடுங்கள். பிறகு அகன்ற வாணலியில் இரண்டு மேசைக்கரண்டி நல்லெண்ணெய் விட்டு, கடுகும் கறிவேப்பிலையும் தாளித்து, காய்களைப் படுக்கவைத்துச் சிறு தீயில் திருப்பித் திருப்பி விட்டால், தோல் சுருங்கி மசாலா முறுகும். கரண்டியால் கிளறாமல் வாணலியைப் பிடித்துக் குலுக்குவதுதான் காய் உடையாமல் இருக்க வழி.

எங்கள் வேலூர்ப் பக்கத்து இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. காம்பிலும் மேலிதழிலும் முள் இருக்கும் அந்தக் காய் கிடைத்தால், இந்தச் சமையலுக்கு அதைவிடப் பொருத்தமானது வேறொன்று இல்லை என்பது என் உறுதியான கருத்து.

தில்லைவாசி எழுதியது:

மேலே நண்பர் சொன்னவற்றுடன் எங்கள் ஊர்க் கொத்சுவையும் சேர்க்க விரும்புகிறேன். சிதம்பரம் நடராசர் கோயிலில் மிளகும் சீரகமும் நெய்யும் சேர்த்த சம்பா சாதத்துக்குத் துணையாக வருவது இந்தக் கத்தரிக்காய்க் கொத்சுதான். கோயில் முறையில் வெங்காயமும் பூண்டும் கிடையாது. வீடுகளில் சின்ன வெங்காயம் சேர்ப்பவர்கள் உண்டு. உங்களிடமுள்ள சிறு காய்களில் இளசானவற்றை நறுக்கி, மஞ்சள் தூள் சேர்த்துக் குழைய வேகவைத்து மத்தால் மசித்துக்கொள்ளுங்கள். அதில் புளிக்கரைசலை ஊற்றிப் பச்சை வாசனை போகக் கொதித்த பின், வறுத்து அரைத்த கொத்தமல்லி விதை, மிளகாய் வற்றல், சிறிது வெந்தயம் ஆகியவற்றின் பொடியைத் தூவி, கெட்டியாகும் வரை சுண்டவிட வேண்டும். பொடியை முதலிலேயே போட்டுக் கொதிக்கவிட்டால் மணம் எல்லாம் ஆவியோடு போய்விடும். இறுதியில் ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெயில் கடுகும் பெருங்காயமும் தாளித்துக் கொட்டினால் போதும். மாமனாரின் எண்ணெய்க் கணக்குக்குள் இது அடங்கும். வெண்பொங்கலுக்கும் இட்லிக்கும் இதைத் தொட்டுக்கொண்ட பிள்ளைகள், உள்ளே கத்தரிக்காய் இருப்பதையே கவனிக்க மாட்டார்கள்.

தஞ்சாவூர்ப் பக்கத்து ரசவாங்கியும் இதற்குக் கிட்டத்தட்ட உறவுதான். வேகவைத்த துவரம்பருப்பும், ஊறவைத்து வெந்த கொண்டைக்கடலையும், வறுத்து அரைத்த தேங்காயும் சேர்வதால் அது வயிறு நிறையும் குழம்பாகிவிடுகிறது.

வடமராட்சி எழுதியது:

அந்தப் பெரிய கருநீலக் காய்களை யாரும் இன்னும் தொடவில்லை என்பதால் எழுதுகிறேன். யாழ்ப்பாணத்தில் எங்கள் வீடுகளில் அவற்றைச் சுட்டுச் சம்பல் செய்வோம். எண்ணெய் ஒரு துளிகூடத் தேவையில்லை. காயைத் துடைத்து, கத்தி நுனியால் நான்கைந்து இடங்களில் குத்திவிட வேண்டும். குத்தாமல் நெருப்பில் வைத்தால் உள்ளே ஆவி சேர்ந்து வெடிக்கக்கூடும். விறகடுப்புத் தணல் இருந்தால் மிக நன்று, இல்லாவிட்டால் காஸ் அடுப்பின் நடுத்தரத் தீயில் நேரடியாக வைத்துத் திருப்பிக்கொண்டே இருங்கள். தோல் கருகி உரிய, காய் காற்றுப் போன பை போலத் தளர்ந்து, காம்போரத்தில் சாறு கொப்புளிக்கத் தொடங்கினால் உள்ளே முழுவதும் வெந்துவிட்டது என்று அறியலாம். அதை ஒரு மூடியால் சிறிது நேரம் மூடி வைத்தால் தோல் தானாகக் கழன்று வரும். தண்ணீரில் கழுவி உரிக்காதீர்கள். சுட்ட மணம் முழுவதும் கழுவலோடு போய்விடும். உரித்த சதையைக் கையால் பிசைந்து, மெல்லியதாக அரிந்த சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், உப்பு, கெட்டியான முதல் தேங்காய்ப்பால் ஆகியவற்றைச் சேர்த்து, கடைசியாகத் தேசிக்காய்ப் புளி (எலுமிச்சைச் சாறு) விடவேண்டும். பிட்டுக்கும் இடியப்பத்துக்கும் இது நன்றாகச் சேரும். தேங்காய்ப்பால் மாமனாருக்கு ஆகாது என்றால் அதற்குப் பதிலாகக் கடைந்த தயிர் சேர்க்கலாம்; அப்போது தேசிக்காய் வேண்டாம்.

காவிரிக்கரை எழுதியது:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. ஆவியில் வேகவைத்துவிட்டு வதக்கும் முறையை இன்றே தொடங்குகிறேன். இன்னும் இரண்டு ஐயங்கள் உள்ளன. பறித்த காய்களைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் சில நாட்களில் தோலில் குழிகள் விழுந்து உள்ளே விதை கறுத்துவிடுகிறது. இதற்கு என்ன செய்வது? பறிக்கத் தவறி முற்றிய காய்களை எப்படிப் பயன்படுத்துவது?

பாலாற்றங்கரை எழுதியது:

கத்தரி வெப்பநிலப் பயிர் என்பதால் 10 டிகிரி செல்சியசுக்குக் கீழான குளிர் அதன் காய்க்கு ஒத்துக்கொள்வதில்லை. நீங்கள் சொல்லும் குழிகளும் விதைக் கறுப்பும் அந்தக் குளிரின் விளைவுதான். இரண்டு மூன்று நாட்களுக்குள் சமைப்பதாக இருந்தால் நிழலான, காற்றோட்டமுள்ள இடத்தில் ஈரத்துணியால் மூடி வைத்தாலே போதும். தொட்டிச் செடியே உங்கள் வீட்டில் இருப்பதால், சமைக்கும் நாளில் பறிப்பதைவிட நல்ல வழி கிடையாது. ஆனால் தோல் பளபளப்பை இழக்கும் வரை காயைச் செடியில் விடக்கூடாது, அதற்குப் பிறகு விதை கடினமாகிக் கசப்பு ஏறிவிடும்.

முற்றத் தொடங்கிய, ஆனால் இன்னும் மஞ்சளாகாத காய்களைக் கருவாட்டுக் குழம்புக்கு வைத்துக்கொள்ளுங்கள். நெத்திலிக் கருவாட்டின் உப்பும் மாங்காயின் புளிப்பும் அந்த இலேசான கசப்பை அடக்கிவிடும். விதையைச் சுரண்டிவிட்டு நீளவாக்கில் கீறி, உப்பும் மஞ்சளும் சேர்த்த கொதிநீரில் அரைவேக்காடாக எடுத்து, ஒடித்தால் சட்டென்று முறியும் வரை நல்ல வெயிலில் காயவைத்தால், மழைக்கால வற்றல் குழம்புக்கு ஆகும். முழுவதும் மஞ்சளாகப் பழுத்துவிட்ட காயைச் சமைக்க வேண்டாம். அதைப் பிளந்து விதையை எடுத்துக் கழுவி நிழலில் உலர்த்தி வைத்தால் அடுத்த பருவத்துக்கு நாற்று விடலாம். கடையில் வாங்கிய வீரிய ஒட்டு விதையிலிருந்து வந்த செடியாக இருந்தால் மட்டும், அதன் விதையில் தாய்ச்செடியைப் போன்ற காய்களை எதிர்பார்க்க முடியாது.