பெரியப்பா மணிவிழா 💐

ஈசூன் மாமா: கார்த்தி, நீ லேப்டாப்பில் போட்டுக் கொடுத்த உபுண்டு சரியில்லை. அத்தான் மணிவிழாவுக்கு ஆல்பம் செய்கிற சாஃப்ட்வேர் இறக்கினேன், அழுத்தினால் அனுமதி இல்லையாம். என் லேப்டாப்பில் யாரிடம் அனுமதி கேட்பது?

தெம்பனிஸ் சித்தி: அண்ணியிடம் 😂

கார்த்தி: மாமா, அது கோளாறு இல்லை. உபுண்டுவும் லினக்ஸ் சிஸ்டம்தான். லினக்ஸில் ஒவ்வொரு ஃபைலுக்கும் படிக்க, எழுத, இயக்க என்று மூன்று அனுமதி உண்டு, அதுவும் உரிமையாளர், குழு, மற்றவர் என்று தனித்தனியாக. நெட்டிலிருந்து இறக்கும் ஃபைலுக்கு இயக்கும் அனுமதி மட்டும் இருக்காது, நீங்களாகக் கொடுத்தால்தான் ஓடும். கண்டதும் கைதவறி ஓடிவிடக்கூடாது என்றுதான் அப்படி

ஈசூன் மாமா: பாடம் வேண்டாம்டா. எங்கே அழுத்தணும்?

கார்த்தி: லிங்க் யார் அனுப்பியது?

ஈசூன் மாமா: பழைய ஸ்கூல் குரூப்பில் வந்தது

கார்த்தி: அழுத்தவே வேண்டாம்

தெம்பனிஸ் சித்தி: கேட்டரிங்காரர் கேட்கிறார், சைவமா அசைவமா?

பெரியம்மா: பெருமாள் கோயில் மண்டபத்தில் அசைவமா?

தெம்பனிஸ் சித்தி: சும்மா கேட்டேன் லா அக்கா

ஈசூன் மாமா: சுடோ போட்டுத் திறக்கலாம் என்கிறான் நண்பன்

கார்த்தி: ஐயோ, சுடோ என்றால் அட்மின் அதிகாரத்தில் ஓடவிடுவது, மொத்த கம்ப்யூட்டரையும் தூக்கிக் கொடுப்பது! சுடோ இல்லாமல் ஓடவிட்டாலும் உங்கள் பெயரில்தான் ஓடும். சிஸ்டம் ஃபைலில் கைவைக்க முடியாது, ஆனால் நீங்கள் திறக்கக்கூடியதை எல்லாம் அதுவும் திறக்கும், அழிக்கும். பாட்டி படங்கள் உட்பட

உட்லண்ட்ஸ் அண்ணன்: சிஸ்டம் போனால் திரும்பப் போட்டுக்கொள்ளலாம். பாட்டி படம்? எல்லாருக்கும் காப்பி கொடுங்கள் என்று அப்போதே சொன்னேன் மாமா

ஈசூன் மாமா: ஆரம்பித்துவிட்டான்

தெம்பனிஸ் சித்தி: அந்த லிங்க் அனுப்பிய ஆளே ஃபோனுக்கும் ஒரு ஏபிகே, அதான் ஆண்ட்ராய்டு ஆப் ஃபைல், அனுப்பினாராமே, ஈசூன் அண்ணன் எனக்கு ஃபார்வர்ட் செய்தார். போட்டேன். அணுகல்தன்மை (ஆக்சஸிபிலிட்டி) அனுமதி கேட்டது, சரி என்றேன்

கார்த்தி: சித்தி!!! அதைக் கொடுத்தால் திரையில் வருவதைப் படிக்கும், உங்களுக்குப் பதிலாக அதுவே அழுத்தும். பேங்க் ஆப் வேறு அதில்தானே? கூகுளின் பாதுகாப்பு வசதி பிளே புரொடெக்ட் தடுக்கவில்லையா? 2024இல் இந்த மாதிரி ஆப்பைத் தடுக்கும் வசதியைச் சிங்கப்பூரில்தான் முதலில் சோதித்தார்கள்

தெம்பனிஸ் சித்தி: தடுத்தது. அணைத்துவிட்டுப் போடச் சொன்னார்கள்

கார்த்தி: வைஃபை, டேட்டா இரண்டையும் உடனே நிறுத்துங்கள். சித்தப்பா ஃபோனிலிருந்து பேங்குக்கு அடியுங்கள். அப்புறம் மோசடி உதவி எண் 1799

பெரியம்மா: கூப்பிட்டாளா?

உட்லண்ட்ஸ் அண்ணன்: ஒரு டிக்தான் வருகிறது, நெட்டை நிறுத்திவிட்டார் போல

கார்த்தி: மாமா, சனிக்கிழமை வருகிறேன். லேப்டாப்பைத் தொடாதீர்கள்

ஈசூன் மாமா: சனிக்கிழமை நான் ஜோகூர் போகிறேன். ஆல்பம் யார் செய்வது?

பெரியம்மா: அதை விடு. கேட்டரிங்காரரிடம் சைவம் என்று யாராவது சொன்னீர்களா