வராத பாக்கி: ஒரு சிறிய மென்பொருள் பங்கைப் பற்றி நாங்கள் வாதாடிய ஓராண்டு

நொய்யல்:

2023 செப்டம்பரில் எஸ்.எம்.இ. எனப்படும், சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான பங்குச் சந்தைப் பிரிவில் பங்கு வெளியிட்ட சென்னை மென்பொருள் நிறுவனம் ஒன்றுக்கு நாங்கள் நால்வர் விண்ணப்பித்தோம். எனக்கு மட்டும் 96 ரூபாய் விலையில் 1,200 பங்குகள் கொண்ட ஒரு லாட் கிடைத்தது. நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. மாநகராட்சிகளின் குப்பை வண்டிகளையும் பள்ளிப் பேருந்துகளையும் இருந்த இடத்திலிருந்தே கண்காணிக்கும் மென்பொருளைச் செய்து தரும் நிறுவனம் என்று சொன்னால் போதும். பட்டியலிடப்பட்ட நாளிலேயே விலை ஒன்றரை மடங்கானது. விற்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோதே 171க்குப் போய்விட்டதால், விட்டுவிடுவோமோ என்ற பதற்றத்தில் அந்த விலையில் இன்னொரு லாட்டும் வாங்கினேன்.

எங்கள் நால்வரில் ஒருவர் ஓய்வுபெற்ற வங்கி மேலாளர், ஒருவர் கல்லூரிப் பேராசிரியர், மற்றவர் திருப்பூருக்கு நூல் விற்கும் வியாபாரி. ஞாயிற்றுக்கிழமை காலையில் நூல் வியாபாரியின் கிடங்கில் கூடுவது வழக்கம். 2024 மே மாதம் ஆண்டு முடிவு வெளியானதும் வாதம் தொடங்கியது. எஸ்.எம்.இ. நிறுவனங்கள் காலாண்டுக்கு ஒருமுறை கணக்குக் காட்ட வேண்டியதில்லை, அரையாண்டுக்கு ஒருமுறை காட்டினால் போதும் என்றிருந்ததால், நாங்கள் ஆறு மாதம் காத்திருந்து பார்த்த முடிவு அது. விற்பனை 22 கோடியிலிருந்து 38 கோடியாகவும், நிகர லாபம் இரண்டரைக் கோடியிலிருந்து 5 கோடியாகவும் உயர்ந்திருந்தன. பேராசிரியருக்கு மகிழ்ச்சி தாளவில்லை. குப்பை மேலாண்மைக்கு அரசு ஒதுக்கும் நிதி, ஒவ்வொரு வண்டியிலும் ஜி.பி.எஸ். கருவி பொருத்தும் தேவை, கையிலிருக்கும் ஆர்டர்கள் என்று அவர் அடுக்கிய காரணங்களில் ஒன்றைக்கூட எங்களால் மறுக்க முடியவில்லை.

நூல் வியாபாரி அண்ணன் அத்தனையையும் கேட்டுவிட்டு என் கையிலிருந்த அச்சுப் பிரதியை வாங்கினார். லாபக் கணக்கு இருந்த பக்கத்தைத் தாண்டி, நேரே ஆஸ்திப் பட்டியலுக்குப் போனார். வாடிக்கையாளர்களிடமிருந்து வரவேண்டிய தொகை முந்தைய ஆண்டு 7 கோடியாக இருந்து இப்போது 21 கோடியாகியிருந்தது. "தம்பி, சரக்கு போயிருச்சுங்கிறாங்க, சரி. காசு எங்கீங்க?" என்றார்.

அந்தக் கேள்விக்கு அன்று எங்களிடம் விடை இல்லை. மேலாளர் ஐயா கணக்குப் போட்டுக் காட்டினார்: 22 கோடி விற்பனையில் 7 கோடி பாக்கி என்றால் ஏறத்தாழ 116 நாள் விற்பனை கடனில் நிற்கிறது. 38 கோடியில் 21 கோடி என்றால் அது 200 நாளைத் தாண்டுகிறது. நடைமுறைச் செயல்பாடுகளிலிருந்து வந்த பணம், 5 கோடி லாபம் காட்டிய அதே ஆண்டில், 3 கோடி பற்றாக்குறையாக இருந்தது. நூல் வியாபாரத்தில் பார்ட்டி 90 நாளைத் தாண்டினால் அண்ணன் ஆளனுப்பிவிடுவார். 200 நாள் என்பது அவருக்கு மறந்துவிட வேண்டிய பணம். அரசு அமைப்புகள் தாமதமாகத்தான் பணம் தரும், அதையும் நூல் கடனையும் ஒன்றாகப் பார்க்கக் கூடாது என்று பேராசிரியர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. இருவரும் நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் இதையே வாதாடினார்கள். இதற்கிடையே விலை 262 வரை சென்றதால் பேராசிரியர் பக்கமே வென்றதுபோல் தோன்றியது. 200க்கு மேல் அவர் மூன்று லாட் வாங்கினார்.

செப்டம்பர் இறுதியில் ஆண்டுப் பொதுக்கூட்டம் நிறுவனத்தின் அலுவலகத்திலேயே நடந்தது. நானும் மேலாளர் ஐயாவும் கோவையிலிருந்து இரவு ரயிலேறிப் போனோம். புறப்படுவதற்கு முன் ஐயா ஒரு வேலை செய்தார். தொழிலாளர் வருங்கால வைப்பு நிதி அமைப்பின் இணையதளத்தில் ஒரு நிறுவனத்தின் பெயரை இட்டுத் தேடினால், மாதாமாதம் எத்தனை ஊழியர்களுக்குப் பணம் கட்டப்பட்டது என்பது யாருக்கும் தெரியும். ஆண்டறிக்கை 140 ஊழியர்கள் என்றது. அந்தப் பக்கம் 46 பேர் என்று காட்டியது.

கூட்டத்துக்கு வெளியாரில் வந்திருந்தவர்கள் எங்களையும் சேர்த்து ஏழு பேர். கூட்ட அறைக்குப் போகும் வழியில் இருந்த பெரிய கூடத்தில் வரிசையாக மேசைகளும் அவற்றின்மேல் திரைகளும் இருந்தன. ஆனால் பல மேசைகளுக்கு அடியில் கணினிப் பெட்டி இருக்க வேண்டிய தட்டு காலியாக இருந்தது. திரையிலிருந்து இறங்கிய கம்பி எதிலும் சொருகப்படாமல், வாங்கிவந்தபோது போட்ட முறுக்குக் கம்பி பிரிக்கப்படாமலேயே சுருண்டு தொங்கிக்கொண்டிருந்தது. எல்லாரும் மடிக்கணினி வைத்திருக்கலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஐயா எழுந்து இரண்டு கேள்விகளையும் மரியாதையாகக் கேட்டார். 15,000 ரூபாய்க்கு மேல் சம்பளத்தில் புதிதாகச் சேருவோருக்கு வைப்பு நிதி கட்டாயமில்லை, ஒப்பந்த ஊழியர்கள் வேறு நிறுவனத்தின் கணக்கில் வருவார்கள் என்று நிர்வாக இயக்குநர் விளக்கினார். அந்த விளக்கம் சட்டப்படி சரியானதே. பாக்கி பற்றிய கேள்விக்கு மட்டும், "அரசாங்கப் பணம் எங்கும் போகாது, சார்" என்றதோடு அடுத்தவரைப் பார்க்கத் திரும்பிவிட்டார். எந்த மாநகராட்சி, எவ்வளவு, எந்த மாதத்துப் பில் என்று ஒரு பெயரைக்கூட அவர் சொல்லாதது என்னை உறுத்தியது.

அந்த மாதம்தான் நொய்டாவைச் சேர்ந்த டிராஃபிக்சால் ஐ.டி.எஸ். டெக்னாலஜிஸ் என்ற நிறுவனத்தின் செய்தியும் வந்துகொண்டிருந்தது. சுமார் 45 கோடி ரூபாய்க்கான அதன் வெளியீட்டுக்கு 300 மடங்குக்கு மேல் விண்ணப்பங்கள் குவிந்திருந்த நிலையில், பட்டியலிடப்படுவதற்குச் சற்று முன் மும்பைப் பங்குச் சந்தை அதை நிறுத்தி வைத்தது. திரட்டும் பணத்தில் 17.70 கோடிக்கு மென்பொருள் வாங்குவதாகச் சொல்லியிருந்த விற்பனையாளர் வெறும் பெயரளவு நிறுவனம் என்று கண்ட பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி, டிசம்பரில் முதலீட்டாளர்கள் அனைவருக்கும் பணத்தைத் திருப்பித் தரச் சொன்னது. எங்கள் நிறுவனத்துக்கும் அதற்கும் தொடர்பு இல்லை. ஆயினும், கம்பி தொங்கிய அந்த மேசைகளைப் பார்த்துவிட்டு வந்த எனக்கு அந்தச் செய்தி உறக்கத்தைக் கெடுத்தது. கூட்டம் முடிந்த மறுவாரமே ஒரு லாட்டை 188க்கு விற்றேன்.

நவம்பரில் அரையாண்டு முடிவு வந்தது. பாக்கியில் 6 கோடியை வராக்கடனாக ஒதுக்கியிருந்தார்கள். அன்றிலிருந்து தினமும் லோயர் சர்க்யூட், அதாவது ஒரு நாளில் விலை இறங்க அனுமதித்த கடைசி எல்லை. எஞ்சிய லாட் 71க்குத்தான் போனது. போட்டது 3,20,400, திரும்பியது 3,10,800. என் இழப்பு சிறியது. பேராசிரியர் இன்னும் வைத்திருக்கிறார்.

பொருநை:

உங்கள் பதிவை இரண்டு முறை வாசித்தேன், ஐயா. சென்னையில் சிறிய மென்பொருள் நிறுவனம் ஒன்றின் கணக்குப் பிரிவில் பதினொரு ஆண்டுகள் வேலை பார்த்தவள் என்ற முறையில், பேராசிரியர் தரப்புக்காகவும் கொஞ்சம் பேச விரும்புகிறேன்.

அரசுப் பணியில் மென்பொருளைக் கொடுத்து முடித்தாலும், அதை ஏற்றுக்கொண்டோம் என்று துறை எழுதித் தரும்வரை கடைசித் தவணைப் பணம் வராது. அதற்குமேல், உத்தரவாதக் காலம் முடியும்வரை ஒரு பகுதியைப் பிடித்து வைப்பார்கள். மார்ச் மாதத்தில்தான் பில்கள் குவியும் என்பதால், மார்ச் 31 அன்று எடுக்கும் பட்டியலில் பாக்கி எப்போதும் பெரிதாகத்தான் தெரியும். இப்படிப் பெரிய பாக்கியோடு இருந்த ஒரு நிறுவனத்தின் பங்கை நான் நான்கு ஆண்டுகள் வைத்திருந்தேன். அது பின்னர் எஸ்.எம்.இ. பிரிவிலிருந்து பெரிய நிறுவனங்களுக்கான முதன்மைப் பிரிவுக்கு மாறியது, எனக்கு நல்ல லாபமும் தந்தது.

அதை நான் நம்பி வைத்திருந்ததற்குக் காரணம் பாக்கியின் வயது. 2021-22 நிதியாண்டிலிருந்து ஒவ்வொரு நிறுவனமும் தன் பாக்கியை ஆறு மாதத்துக்குள், ஆறு மாதம் முதல் ஓராண்டு, ஒன்று முதல் இரண்டு ஆண்டு, இரண்டு முதல் மூன்று ஆண்டு, அதற்கு மேல் என்று பிரித்து ஆண்டறிக்கைக் குறிப்புகளில் காட்ட வேண்டும். நான் வைத்திருந்த நிறுவனத்தின் பாக்கியில் பத்தில் ஒன்பது பகுதி ஆறு மாதத்துக்கு உட்பட்டது. அடுத்த ஆண்டுப் பட்டியலில் அது பழைய கட்டத்துக்கு நகரவில்லை, அதாவது வசூலாகிவிட்டது. உங்கள் நிறுவனத்தில் அந்த 21 கோடி எந்தக் கட்டத்தில் இருந்தது என்று நீங்கள் எழுதவில்லை.

பார்க்க வேண்டிய இடங்கள் இன்னும் இரண்டு இருக்கின்றன. ஒன்று, பில் போடாமலேயே வருவாயாக எழுதிக்கொள்ளும் தொகை. வேலை பாதி முடிந்தது என்று நிர்வாகம் சொன்னால் பாதி வருவாயைக் கணக்கில் ஏற்றலாம். அந்தத் தொகை பாக்கிப் பட்டியலில் இல்லாமல் 'இதர நடப்புச் சொத்துகள்' என்ற தலைப்புக்குள் போய் உட்கார்ந்திருக்கலாம். பாக்கியை மட்டும் பார்ப்பவர் கண்ணுக்கு அது தப்பிவிடும்.

இரண்டாவது, டி.டி.எஸ்., அதாவது பணம் தருபவரே முன்கூட்டிப் பிடித்து அரசுக்குக் கட்டும் வரி. தொழில்நுட்பச் சேவைக்கான பில்லை உள்நாட்டு வாடிக்கையாளர் தன் கணக்கில் ஏற்றும்போதோ பணம் தரும்போதோ, எது முந்துகிறதோ அப்போது, வரியைப் பிடித்தாக வேண்டும். வாடிக்கையாளர் அந்தப் பில்லை ஒப்புக்கொண்டார் என்பதற்கு அது மூன்றாமவர் தரும் சாட்சி. குறைந்த விகிதமான 2 விழுக்காடு என்று வைத்தாலும் 38 கோடி சேவைக்கு 76 லட்சம் பிடிக்கப்பட்டிருக்க வேண்டும். ஆனால் ஒரு எச்சரிக்கை: சில நிறுவனங்கள் டி.டி.எஸ்.ஸை வரி ஒதுக்கீட்டில் கழித்து மீதியை மட்டும் காட்டும். கருவிகளை விற்ற தொகைக்கு இந்தக் கணக்கு பொருந்தவும் பொருந்தாது. எனவே வரி பிடிக்கப்படவில்லை என்று முடிவு கட்டுவதற்கு முன் குறிப்புகளைக் கடைசி வரி வரை படிக்க வேண்டும்.

பாலாறு:

வாதங்கள் எல்லாம் சரி. விற்க வேண்டிய நாளில் என்ன நடக்கும் என்பதை மட்டும் எழுதுகிறேன். வேறொரு சிறிய தொழில்நுட்பப் பங்கில் நான் 11 நாட்கள் தொடர்ந்து லோயர் சர்க்யூட்டில் மாட்டினேன். காலை 9 மணிக்கே விற்பனை ஆர்டர் போட்டுவிடுவேன். எனக்கு முன்னால் பல லட்சம் பங்குகள் வரிசையில் நிற்கும், வாங்கும் பக்கத்தில் ஒன்றுகூட இருக்காது. ஒரு நாளைக்கு 5 விழுக்காடு என்று 11 நாளில் விலை நாற்பது விழுக்காட்டுக்கு மேல் கரைந்தது. முதன்மைப் பிரிவில் நூறு பங்கையாவது விற்றுச் சமாளிக்கலாம். எஸ்.எம்.இ. பிரிவில் லாட்டை உடைக்க முடியாது. விற்றால் முழு லாட், இல்லையேல் ஒன்றும் இல்லை.

நொய்யல்:

பொருநை அம்மாவுக்கு என் நன்றி. நேற்று ஞாயிற்றுக்கிழமை, ஆண்டறிக்கையை மறுபடியும் கிடங்குக்கு எடுத்துச் சென்றேன். இம்முறை பேராசிரியரே பென்சிலோடு உட்கார்ந்து குறிப்புகளை ஒவ்வொன்றாகப் படித்தார்.

பாக்கி 21 கோடியில் 9 கோடி ஓராண்டைக் கடந்தது. முந்தைய ஆண்டின் மொத்தப் பாக்கியே 7 கோடிதான். ஓராண்டுக்கு மேற்பட்ட பாக்கி 9 கோடி எப்படி வந்தது என்று மேலாளர் ஐயா கேட்டபோது அறை அமைதியானது. முந்தைய ஆண்டில் பில் போடாத வருவாயாக வேறு தலைப்பில் இருந்த 3 கோடியை இந்த ஆண்டு பழைய தேதியோடு பாக்கிக்கு மாற்றியிருக்கலாம் என்று பேராசிரியர் தேடிக் கண்டுபிடித்தார். அப்படியே வைத்துக்கொண்டாலும், 7 கோடியும் 3 கோடியும் சேர்ந்த 10 கோடியில் ஓராண்டு முழுவதும் ஒரு கோடிதான் வசூலாகியிருக்கிறது. வருமான வரி முன்பணமும் டி.டி.எஸ்.ஸும் சேர்ந்து 14 லட்சம் என்று ஒரே வரியில் இருந்தது. அது கழித்துக் காட்டிய மீதியா, முழுத் தொகையா என்று எந்தக் குறிப்பும் சொல்லவில்லை.

நான் மே மாதத்திலேயே இந்தப் பக்கத்தைப் புரட்டியிருக்க முடியாது, ஏனெனில் ஆண்டறிக்கை கைக்கு வந்தது செப்டம்பர் முதல் வாரத்தில்தான். ஆனால் கூட்டத்துக்குப் போவதற்கு முன் மூன்று வாரங்கள் அது என் மேசையில் கிடந்தது. ரயிலில் நான் படித்தது தலைவரின் கடிதத்தையும் ஆர்டர் பட்டியலையும் மட்டும்தான். அந்த வயதுப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஐயா கேட்டிருந்தால், "அரசாங்கப் பணம் எங்கும் போகாது" என்ற பதிலோடு அவரை உட்கார வைத்திருக்க முடியாது.

பேராசிரியர் பங்கை விற்பதாக இல்லை. இரண்டு மாநகராட்சிகள் பணம் கொடுத்துவிட்டால் ஒதுக்கிய 6 கோடியில் பாதியாவது திரும்பி வரும் என்று இன்னமும் நம்புகிறார். ஆனால் நேற்று அங்கேயே உட்கார்ந்து, பாக்கியின் விவரத்தையும் டி.டி.எஸ். கணக்கின் பிரிவையும் கேட்டு நிறுவனச் செயலாளருக்கு ஒரு கடிதம் எழுதினார். அண்ணன் அதை வாங்கிப் படித்துப் பார்த்துவிட்டு, பேராசிரியரின் டீமேட் கணக்கு எண்ணுக்குக் கீழே தன் பெயரையும் சேர்க்கச் சொன்னார். அவரிடம் அந்த நிறுவனத்தில் ஒரு பங்குகூட இல்லை என்பதால் சேர்க்க முடியவில்லை. கடிதம் இன்று காலை விரைவுத் தபாலில் போயிருக்கிறது.