பதினொரு சான்றிதழ்களும் ஒரு வெற்றுக் கோப்பும்

தொடக்கப் பதிவு

இணையவழி நிரலாக்கப் படிப்புகளை முடித்தவர்களுக்குத் தரப்படும் சான்றிதழ்கள் வேலை தேடும் இடத்தில் எவ்வளவு தூரம் கைகொடுக்கின்றன என்பதை, கருத்தாக அல்லாமல் நடந்த நிகழ்ச்சிகளாகக் கேட்க விரும்புகிறேன். எனக்கு நேர்ந்ததை முதலில் எழுதிவிடுகிறேன்.

வணிகவியல் படித்துவிட்டுக் கணக்குப் பிரிவில் பணியாற்றிவந்த நான், நிரலாக்கத்துக்கு மாறுவது என்று முடிவு செய்து பதினான்கு மாதங்களில் பதினொரு படிப்புகளை முடித்தேன். பைத்தான், தரவுத்தளங்களைக் கையாளும் எஸ்க்யூஎல், தரவுக் கட்டமைப்புகள், ஜாவாஸ்கிரிப்ட், ரியாக்ட் என்று வரிசை நீண்டது. ஒவ்வொன்றின் முடிவிலும் என் பெயர் பொறித்த பிடிஎஃப் வந்தது. அன்றிரவே அதை லிங்க்ட்இன்னில் ஏற்றினேன். வேலை முடித்துக் களைத்து வந்து படித்த நாட்களில் அந்த ஊக்கம் எனக்குத் தேவைப்பட்டது என்பதை மறைக்க விரும்பவில்லை.

முதல் தொழில்நுட்ப நேர்காணலில், ஓர் உரைக்கோப்பைப் படித்து அதில் அதிக முறை வரும் 10 சொற்களை எண்ணிக்கையோடு அச்சிடும் நிரலை எழுதச் சொன்னார்கள். நேரம் 30 நிமிடம். பைத்தானில் பதினைந்து வரிக்குள் முடிந்துவிடும் வேலை இது. இதற்குத் தேவையான, ஒவ்வொரு சொல்லோடும் அதன் எண்ணிக்கையைச் சேர்த்துவைக்க உதவும் டிக்‌ஷனரி பற்றிய பாடத்தில் நான் முழு மதிப்பெண் பெற்றிருந்தேன். ஆனால் அந்தப் பாடத்தில் கோப்பைத் திறக்கும் வரி, ஃபங்ஷனின் பெயர், அது எதைத் திருப்பித் தர வேண்டும் என்பது எல்லாம் முன்பே எழுதப்பட்டிருந்தன. இடையில் விடுபட்டிருந்த இரண்டு வரிகளைத்தான் நான் நிரப்பியிருந்தேன். வெற்றுக் கோப்பு ஒன்றைத் திறந்துவைத்து எந்த வரியிலிருந்து தொடங்குவது என்று யோசித்த அனுபவம் எனக்கு அதுவரை இல்லை. சொற்களோடு ஒட்டிவந்த காற்புள்ளிகளை நீக்க மறந்தேன். எண்ணிக்கைப்படி வரிசைப்படுத்த வேண்டியதை அகரவரிசையில் வரிசைப்படுத்திவிட்டு, அதைத் திருத்தும் வழி தெரியாமல் நின்றேன்.

நேர்காணல் செய்தவர் மிகவும் பொறுமையானவர். முடியும்போது, “இந்தப் பதினொன்றில் ஏதாவது ஒன்றைப் படித்த பிறகு, யாரும் கேட்காமல் நீங்களாக ஏதாவது எழுதிப் பார்த்தீர்களா?” என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அந்த வேலை கிடைக்கவில்லை என்பதைவிட அந்தக் கேள்விதான் பல வாரங்கள் என்னை உறுத்தியது.

உங்களுக்கு நடந்ததை எழுதுங்கள். சான்றிதழ் பயன்பட்ட அனுபவம் இருந்தால் அதையும் அறிய விரும்புகிறேன்.

மறுமொழி: நேர்காணல் குழுவில் இருப்பவர்

மேலே எழுதியவருக்கு நேர்ந்ததை மேசையின் மறுபக்கத்திலிருந்து பல முறை பார்த்திருக்கிறேன். ஆறு ஆண்டுகளாக எங்கள் குழுவுக்கு ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பில் இருக்கிறேன் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

விண்ணப்பம் முதலில் மனிதவளப் பிரிவுக்குப் போகிறது. அங்கே சான்றிதழ் ஒரு குறிச்சொல்லாக வேலை செய்கிறது. பைத்தான் என்ற சொல் எங்கேயாவது இருக்க வேண்டும், அவ்வளவுதான். எங்கள் மேசைக்கு வந்த பிறகு நான் பார்ப்பது ஒன்றை மட்டும்: அந்தப் படிப்பில் ஒருவர் தோற்றுப்போவதற்கு வாய்ப்பு இருந்ததா? காணொளிகளை இறுதிவரை ஓடவிட்டாலே சான்றிதழ் தரும் தளங்கள் இருக்கின்றன. இரட்டை வேகத்தில் ஓடவிட்டாலும் அதே சான்றிதழ்தான். சரியான விடை வரும்வரை எத்தனை முறை வேண்டுமானாலும் அழுத்தக்கூடிய கொள்குறி வினாக்களை வைத்துச் சான்றிதழ் தருபவையும் உண்டு. அதே சமயம், எழுதிய நிரலை மறைவான சோதனைகளுக்கு உட்படுத்தி, ஒவ்வொன்றிலும் தேறினால்தான் அடுத்த பாடத்துக்கு விடுகிற படிப்புகளும் இருக்கின்றன. தாளைப் பார்த்தால் இவை எல்லாம் ஒன்றுபோலவே தோன்றும். படிப்பின் பெயரைத் தேடி, அது எப்படி மதிப்பிடப்படுகிறது என்று பார்க்க எனக்கு ஐந்து நிமிடம் ஆகும். எல்லாத் தேர்வாளர்களும் அந்த ஐந்து நிமிடத்தைச் செலவிடுவார்கள் என்று நான் உறுதி கூற முடியாது.

அடுத்து, நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப்பைத் திறப்பேன். ஒரு முறை, ஒரே வாரத்தில் வந்த விண்ணப்பங்களில் நான்கு பேர் ஒரே திரைப்படப் பரிந்துரைச் செயலியைத் தங்கள் ப்ராஜெக்ட்டாகக் காட்டியிருந்தார்கள். மாறிகளின் பெயர்கள்கூட ஒன்றாகவே இருந்தன. முழு நிரலும் ஒரே கமிட்டில், அதாவது ஒரே தடவையில், ஏற்றப்பட்டிருந்தது. பாடத்தில் கட்டியதைக் காட்டுவது தவறில்லை. ஆனால் பாடம் முடிந்த இடத்துக்கு அப்பால் ஓர் அடிகூட எடுத்துவைக்காத நிரல், அதை எழுதியவரைப் பற்றி எனக்கு எதையும் சொல்வதில்லை.

என் மனத்தை மாற்றிய நேர்காணல் ஒன்றைச் சொல்கிறேன். அந்த இளைஞரிடம் பொறியியல் பட்டம் இல்லை, ஒரே ஒரு இணையவழிச் சான்றிதழ் இருந்தது. “இந்தப் படிப்பில் உங்களை அதிக நாட்கள் நிறுத்திவைத்தது எது?” என்று கேட்டேன். படிப்பின் இறுதியில் பெயர்களைத் தேடும் சிறு செயலி ஒன்றை எழுத வேண்டியிருந்ததாம். ஐம்பது வரிசைகள் கொண்ட மாதிரித் தரவில் அது நன்றாக ஓடியது. படிப்பும் அதை ஏற்றுக்கொண்டு சான்றிதழ் தந்துவிட்டது. அதோடு விடாமல், 2 லட்சம் வரிசைகளைத் தானே உருவாக்கித் தரவுத்தளத்தில் போட்டுப் பார்த்திருக்கிறார். தேடல் திணறியது. பெயர் என்ற புலத்துக்கு, தேடலை விரைவுபடுத்தும் இண்டெக்ஸ் போட்டார், வேகம் கூடவில்லை. மூன்று நாள் தேடிய பிறகு, தரவுத்தளம் எப்படித் தேடுகிறது என்று காட்டும் எக்ஸ்ப்ளெயின் கட்டளையைக் கற்றுக்கொண்டு ஓட்டிப் பார்த்தபோது, தரவுத்தளம் அந்த இண்டெக்ஸைத் தொடவே இல்லை என்று தெரிந்தது. சொல்லின் ஒரு பகுதியை வைத்துத் தேடும் லைக் நிபந்தனையில், தேடும் சொல்லுக்கு முன்னால் ‘இங்கே எதுவும் வரலாம்’ என்று பொருள்படும் சதவீதக் குறி இருந்ததுதான் காரணம். சாதாரண இண்டெக்ஸ் அகராதியைப் போல முதலெழுத்திலிருந்து வரிசைப்படுத்தப்பட்டது. முதலெழுத்து எதுவாகவும் இருக்கலாம் என்று சொல்லிவிட்டால் அகராதியின் எல்லாப் பக்கங்களையும் புரட்டத்தான் வேண்டும். இதை அவர் என்னிடம் இந்த உவமையோடுதான் விளக்கினார். அவரைத் தேர்ந்தெடுத்தோம்.

அந்தச் சான்றிதழ் அவருக்கு வேலை வாங்கித் தரவில்லை. ஆனால் எங்கே தொடங்கிக் கேட்பது என்று எனக்குக் காட்டியது. அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகள், சான்றிதழ்கள் மட்டுமே உள்ள விண்ணப்பங்களைப் படித்துப் பாராமலே ஒதுக்கிவந்தேன். அவற்றில் இவரைப் போன்றவர்கள் எத்தனை பேர் இருந்தார்களோ என்ற வருத்தம் எனக்கு இன்னமும் இருக்கிறது.

மறுமொழி: நிறுவனத்துக்குள் துறை மாறியவர்

எனக்குச் சான்றிதழ் நேரடியாகவே பயன்பட்டது. வாடிக்கையாளர் சேவைப் பிரிவிலிருந்து மேகக் கணிமைப் (இணையவழியே கணினி வளங்களை வாடகைக்குப் பயன்படுத்துவது) பிரிவுக்கு மாற விண்ணப்பித்தபோது, புதிய மேலாளருக்கு என்னைத் தெரியாது. அமேசானின் மேகச் சேவையான ஏடபிள்யூஎஸ்ஸுக்கான சான்றிதழ்த் தேர்வில் நான் தேறியிருந்ததை அவர் ஒரு பொருட்டாக எடுத்துக்கொண்டார். இத்தகைய தேர்வுகளையும் படிப்பு முடித்ததற்கான சான்றிதழ்களையும் ஒரே பெயரால் அழைப்பதுதான் குழப்பத்துக்குக் காரணம் என்று நினைக்கிறேன். இங்கே கண்காணிப்பாளர் முன்னிலையில், அடையாள அட்டையைக் காட்டித் தேர்வு எழுத வேண்டும். தோற்றால் மீண்டும் கட்டணம் கட்ட வேண்டும். தேறினாலும் அது மூன்று ஆண்டுகளுக்குத்தான் செல்லும். பல கணினிகளில் செயலிகளை ஓட்டி நிர்வகிக்கும் குபர்னெட்டிஸ் என்ற மென்பொருளின் நிர்வாகிகளுக்கான சிகேஏ தேர்வில் கொள்குறி வினாவே கிடையாது. இரண்டு மணி நேரம், கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் டெர்மினலில் உட்கார்ந்து உண்மையான பணிகளைச் செய்து காட்ட வேண்டும். தவிர, பெரிய மேக நிறுவனங்களின் கூட்டாளியாக இருக்க விரும்பும் நிறுவனங்கள் தங்களிடம் சான்றிதழ் பெற்ற ஊழியர்கள் குறிப்பிட்ட எண்ணிக்கையில் இருப்பதைக் காட்ட வேண்டியிருக்கிறது. ஆகவே அத்தகைய இடங்களில் உங்கள் சான்றிதழ் நிறுவனத்துக்கே தேவைப்படுகிறது.

ஆனால் நிரல் எழுதும் வேலைக்கு வெளியே விண்ணப்பித்தபோது, அதே சான்றிதழைப் பற்றி யாரும் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

மறுமொழி: 2011 முதல் இணையத்தில் படித்துவருபவர்

2011இன் இறுதியில் ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் ஆண்ட்ரூ இங் இயந்திரக் கற்றல் பாடத்தை இணையத்தில் இலவசமாக நடத்தியபோது, அதில் பதிவு செய்த லட்சத்துக்கும் மேற்பட்டோரில் நானும் ஒருவன். முடிவில் வந்த தாள், பாடத்தை நிறைவு செய்ததற்கான ஒரு குறிப்புதான். பல்கலைக்கழகத்தின் பட்டத்துக்கோ மதிப்பெண்ணுக்கோ அதில் தொடர்பில்லை. அப்போது அப்படி ஒரு தாள் இருப்பதே புதுமை என்பதால், பார்த்தவர்கள் எல்லாம் ஆர்வத்தோடு விசாரித்தார்கள். 2012இல் இணையப் பாடத் தளங்களான கோர்செராவும் எடெக்ஸும் வந்தன. சான்றிதழ்கள் பெருகப் பெருக விசாரிப்பு குறைந்தது. எடெக்ஸ், நேர்மையாகப் படித்தேன் என்ற உறுதிமொழியின் பேரில் முதலில் இலவசமாகத் தந்த சான்றிதழ்களை 2015இன் இறுதியில் நிறுத்திவிட்டு, அடையாளம் சரிபார்க்கப்பட்ட கட்டணச் சான்றிதழ்களை மட்டும் வைத்துக்கொண்டது.

ஹார்வர்டும் எம்ஐடியும் எடெக்ஸில் நடத்திய பாடங்களின் தரவுகளை ஆராய்ந்த ஒரு கட்டுரை 2019இல் சயின்ஸ் இதழில் வெளியானது. 2017–18 கல்வியாண்டில் பாடங்களை முடித்தவர்கள் மொத்தப் பங்கேற்பாளர்களில் 3.13 சதவீதம்தான், கட்டணம் செலுத்திச் சரிபார்ப்புக்கு ஒப்புக்கொண்டவர்களிடையே அது 46 சதவீதம். ஆகவே ஒன்றைத் தொடங்கி முடித்ததே அரிய செயல்தான். அதை யாரும் அற்பமாக எண்ண வேண்டியதில்லை.

எனக்கு அந்தப் பாடத்தில் மிஞ்சியது வேறொன்று. கையெழுத்து எண்களை அடையாளம் காணும் நரம்பு வலையமைப்பை ஆக்டேவ் மொழியில் எழுதும் பயிற்சியில், என் நிரல் ஓடியது. பிழை அளவும் ஒவ்வொரு சுற்றிலும் குறைந்தது. எல்லாம் சரி என்றே நினைத்தேன். பாடத்தில் சொல்லியிருந்தபடி சாய்வின் (பிழையைக் குறைக்க எந்தப் பக்கம் திருத்த வேண்டும் என்று காட்டும் அளவு) மதிப்பை எண்முறையில் தனியாகக் கணக்கிட்டு ஒப்பிட்டபோதுதான், ஓர் அடுக்கில் நான் தவறு செய்திருப்பது தெரிந்தது. சரியாக ஓடுவதுபோலத் தோன்றும் தவறான நிரலை நம்பக் கூடாது என்பதை அன்று கற்றுக்கொண்டேன். பிற்காலத்தில் ஒரு நேர்காணலில் இதைத்தான் சொன்னேன், அந்தத் தாளை எடுத்துக் காட்டவில்லை.

தொடக்கப் பதிவை எழுதியவர்

எல்லோருக்கும் நன்றி. அந்த “அதிக நாட்கள் நிறுத்திவைத்தது எது” என்ற கேள்வியைப் படித்தபின், என்னுடைய பதினொன்றையும் எடுத்துவைத்து ஒவ்வொன்றுக்கும் அதைக் கேட்டுப் பார்த்தேன். எட்டுக்கு விடை இல்லை. எஸ்க்யூஎல் படிப்பில் மட்டும், இரண்டு அட்டவணைகளை இணைக்கும் ஒரு ஜாயின் தவறாகப் போய் மொத்தத் தொகை இருமடங்காக வந்ததைக் கண்டுபிடிக்க ஒரு வாரம் ஆனது தெளிவாக நினைவுக்கு வந்தது. கணக்குப் பிரிவில் இருந்த பழக்கத்தால், கூட்டுத்தொகை ஒத்துவராததைப் படிப்பு சுட்டிக்காட்டுவதற்கு முன்பே நான் கவனித்திருந்தேன்.

தற்குறிப்பிலிருந்து அந்த எட்டையும் நீக்கிவிட்டேன். மீதமுள்ள மூன்றில் எஸ்க்யூஎல்லை மேலே வைத்து, அந்த ஒரு வாரத்தை மூன்று வரியில் எழுதி, பக்கத்தில் நிரலின் இணைப்பைக் கொடுத்திருக்கிறேன். சொல் எண்ணும் அந்த நிரலையும் வெற்றுக் கோப்பிலிருந்து மீண்டும் எழுதினேன். முதல் முறை 50 நிமிடம் ஆனது. நேற்று 12 நிமிடம்.